14 வயது மகன் எந்த நிகழ்ச்சிக்கும் வர மறுக்கிறான், என்ன செய்யலாம்?

கேள்வி:
சமூகக் கூடத்தில் குடும்ப நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் மகனைக் கூப்பிடுகிறேன். போன வாரம் ஷூ வரைக்கும் போட்டுவிட்டு, ஒரு லேஸைக் கட்டாமலே கையில் பிடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். "அங்கே எனக்கு யாரையும் தெரியாதும்மா" என்றான். அதட்ட மனசு வரவில்லை.

பதில் 1:
அக்கா, வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போகாதீங்க, வேலை கொடுங்க. ஏழு வருஷமா இளைஞர் மன்றத்துல தன்னார்வலரா இருக்கேன். புதுசா வர்ற பிள்ளைகளை அரை மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லி நாற்காலி போட, மைக் ஒயர் இழுக்க விடுவோம். கூட்டம் சேர்றதுக்குள்ள ரெண்டு பேரோட பேராவது தெரிஞ்சிருக்கும். கையில வேலை இருந்தா கூச்சம் பாதி போயிடும். ஆகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினம். அதையொட்டி ஏதாவது நடந்தா, ஏற்பாட்டு வேலையிலயே சேர்த்துவிடுங்க.

பதில் 2:
வெறும் கூச்சம்தானா என்றும் கவனிங்க. தூக்கம், பசி, படிப்பு, முன்பு ஆசையாக விளையாடியது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால் பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் பேசுங்க. முதலில் நீங்க மட்டும் போய்ப் பேசினாலும் போதும்.

கேள்வி கேட்டவர்:
தூக்கமும் பசியும் நன்றாகவே இருக்கின்றன. நாற்காலி வேலையைப் பற்றிச் சொன்னேன் தம்பி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை மணிக்குப் போகணும்?" என்றான்.