குரங்கு மூளையின் தடுப்பு நியூரான்கள் எங்கே பிறக்கின்றன? அந்த 65 சதவீதத்தை நம்பலாமா?

கயல்_விலங்கியல் கேட்டது:

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வியாழக்கிழமை செமினார், தலைப்பு மேலே உள்ளதுதான். சுண்டெலிக் கதை புரிந்துவிட்டது. 1997இல் டிஎல்எக்ஸ்1, டிஎல்எக்ஸ்2 மரபணுக்கள் இல்லாத சுண்டெலிகளில் கார்டெக்ஸின் (மூளையின் மேலுறை) காபா நியூரான்கள், அதாவது மற்ற நியூரான்களை அடக்கும் தடுப்பு நியூரான்கள், வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். அவை கேங்லியானிக் எமினன்ஸ் என்ற கீழ்ப்புற மேட்டில் பிறந்து, பக்கவாட்டில் ஊர்ந்து கார்டெக்ஸுக்கு ஏறுகின்றன.

பிரைமேட் (குரங்கு, மனிதன் அடங்கிய இனம்) என்று வந்ததும் குழப்பம். 2002இல் லெட்டினிச், சோன்சு, ராக்கிச் எழுதிய கட்டுரை, மனிதக் கருவில் இந்தத் தடுப்பு நியூரான்களில் சுமார் 65 சதவீதம் கார்டெக்ஸுக்கு நேர் அடியிலேயே பிறக்கின்றன என்கிறது. என் வழிகாட்டி அந்த எண்ணைத்தான் ஸ்லைடில் போடச் சொல்கிறார். 2013இல் வந்த இரண்டு கட்டுரைகளோ பெரும்பாலானவை கீழிருந்துதான் வருகின்றன என்கின்றன. இன்னொன்று: சென்னை ஐஐடி வெளியிட்ட தரணி என்ற படத்தொகுப்பில் மனிதக் கருவின் மூளைத் துண்டுகளை நேற்று இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளை அறையின் ஓரத்தில் அடர்த்தியாகச் சாயம் ஏறிய ஒரு பெரிய திட்டு தெரிகிறது. அதுதானா அந்த மேடு?

வெண்துண்டு எழுதியது:

ஆமாம் கயல், அதேதான். பார்த்ததும் அது என்ன என்று கேட்கத் தோன்றியதே, எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் ஆறு வருடம் மக்காக் குரங்குக் கருவின் மூளைத் துண்டுகளோடு வேலை பார்த்தவள். முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் அந்த மேட்டைப் பார்த்தபோது, சாயம் தவறிப்போய்த் திரண்டுவிட்டது என்று நினைத்தேன். அத்தனை நெருக்கமாக செல்கள் இருந்தன.

65 சதவீதக் கேள்விக்கு வருகிறேன். 2002 கட்டுரையை யாரும் அலட்சியமாக எழுதவில்லை. கார்டெக்ஸின் அடியிலுள்ள பிறப்பு மண்டலத்தில் டிஎல்எக்ஸும் மேஷ்1 என்ற இன்னொரு மரபணுவும் செயல்படும் செல்கள் இருந்தன, அவற்றில் சில பிரிந்துகொண்டும் இருந்தன. சிக்கல் அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான். ஒரு செல் மேலே பிரிகிறது என்பதால் அது மேலேதான் பிறந்தது என்று ஆகிவிடாது. கீழே பிறந்து, பாதி வழியில் இன்னொரு முறை பிரிகிற செல்லாகவும் இருக்கலாம். அதோடு மேஷ்1 தடுப்பு நியூரானுக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை. தூண்டு நியூரான்களைப் பெற்றெடுக்கும் முன்னோடி செல்களிலும் அது தெரிகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகப் படுவது 2009இல் வந்த ஒரு வேலை. ஹோலோப்ரோசென்செஃபாலி என்ற பிறவிக் குறையில் கீழ்ப்புற முன்மூளை சரியாக உருவாவதில்லை. அப்படிப் பாதிக்கப்பட்ட கருக்களின், சிசுக்களின் கார்டெக்ஸில் சொமாட்டோஸ்டாட்டின், நியூரோபெப்டைட் ஒய் என்ற அடையாளப் பொருள்களைக் காட்டும் தடுப்பு நியூரான்கள் அறவே இல்லை, அல்லது மிகக் குறைவு. மேடு இல்லையென்றால் அவையும் இல்லை. ஆனால் கால்ரெட்டினின் என்ற புரதத்தைக் காட்டும் இன்னொரு வகைத் தடுப்பு நியூரான் இருந்தது. அதனால் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை.

2013இல் கிரீக்ஸ்டீன் குழு மனிதக் கருவிலும், செங்காங் யாங் குழு மனிதக் கருவோடு குரங்குக் கருவிலும் பார்த்து, பெரும்பங்கு கீழிருந்தே என்றார்கள். சரி, மேலே ஒன்றுமே பிறப்பதில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2022இல் நோவாகோவ்ஸ்கி குழு மனிதக் கார்டெக்ஸின் முன்னோடி செல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணுப் பட்டைக்குறி போட்டு வளர்த்தது. ஒரே தாய்செல்லின் பிள்ளைகளில் தூண்டு நியூரானும் இருந்தது, தடுப்பு நியூரானும் இருந்தது. அவற்றைச் சுண்டெலி மூளையில் வைத்து வளர்த்தபோதும் அப்படித்தான். முடியும் என்பதற்கு அது அழுத்தமான சாட்சி. ஆனால் கருவுக்குள் எத்தனை பங்கு அப்படிப் பிறக்கிறது என்ற கணக்கை அதிலிருந்து எடுக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், 65ஐ ஸ்லைடிலிருந்து எடுக்க வேண்டாம். 2002 என்ற வருடத்தோடு போட்டு, பக்கத்திலேயே 2013ஐ வையுங்கள். உங்கள் வழிகாட்டியிடமும் அந்த இரண்டு கட்டுரைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பச்சிளம்_மருத்துவர் எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. கயல் பார்த்த அந்தத் திட்டைத்தான் நாங்கள் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்கிறோம். 32 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைகளுக்குத் தலையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதே அங்கே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அங்குள்ள ரத்தக்குழாய்கள் அவ்வளவு மெல்லியவை. பயிற்சிக் காலத்தில் அதை ரத்தக்கசிவு வரும் இடம் என்று மட்டுமே படித்தேன். அங்கே இன்னும் நியூரான்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று தெரிந்த பிறகு, ஸ்கேன் திரையை அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை.

கயல்_விலங்கியல் எழுதியது:

அக்கா, டாக்டர், இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. பிரைமேட்டுக்கு மட்டுமே உரிய தடுப்பு நியூரான் ஒன்று உண்டு, டிஏசி3 என்று பெயர் என ஒரு இடத்தில் படித்தேன். அது புதிதாக முளைத்த ஒரு பிறப்பிடத்திலிருந்து வருகிறதா?

வெண்துண்டு எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தத் துறையில் இருந்தேன் என்று சொல்லலாம்.

2020இல் க்ரீனன் குழு மனிதன், மக்காக், மார்மோசெட் என்ற சிறு குரங்கு மூன்றின் ஸ்ட்ரையாட்டத்திலும் (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி) அதைக் கண்டது. சுண்டெலியிலும் ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கிலும் அதற்கு இணை கிடைக்கவில்லை. பிரைமேட்டின் புதுச் சொத்து என்றுதான் எல்லோரும் பேசினோம். பிறகு 2025இல் பன்றி, ஃபெரட் கருக்களின் மூளையை செல் செல்லாகப் படித்தார்கள். அங்கேயும் அது இருந்தது! சுண்டெலியிலும் அந்த வகுப்பு உண்டு, டிஎச் நியூரான்கள் என்று வேறு பெயரில் அறியப்பட்டிருந்தது. ஆக, புதுப் பிறப்பிடம் எதுவும் முளைக்கவில்லை.

மாறுவது போய்ச் சேரும் இடம். 2022இல் போலன் குழு மக்காக் கருவில் செய்த வேலையை அவசியம் படியுங்கள். சுண்டெலியில் மோப்பக் குமிழுக்குப் போகிற நியூரான் வகைகளில் ஒரு பங்கு, குரங்கில் ஸ்ட்ரையாட்டத்துக்கும் பெருத்துவிட்ட வெண்பொருளுக்கும் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) திருப்பி விடப்படுகிறது. மோப்பத்தை அவ்வளவாக நம்பாத விலங்கு, இருக்கிற செல்களை வேறு வேலைக்கு அனுப்புகிறது. மனிதரில் குழந்தை பிறந்த பிறகும் சில மாதங்கள் இளம் தடுப்பு நியூரான்கள் முன்மடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இதை 2016இல் பரேடெஸ் குழு காட்டியது. வெண்பொருளுக்குள் சங்கிலி சங்கிலியாகப் போகும் அந்த இளம் செல்களின் படத்தைப் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஸ்லைடில் இடமிருந்தால் சுண்டெலி மூளையையும் குரங்கு மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். மேட்டுக்கு இரண்டிலும் ஒரே நிறம் கொடுங்கள். அம்புக்குறிகளை மட்டும் மாற்றுங்கள்.

கயல்_விலங்கியல் எழுதியது:

வரைய ஆரம்பித்துவிட்டேன் அக்கா. மேட்டுக்கு மஞ்சள். தரணியிலிருந்து ஒரு துண்டின் படத்தையும் முதல் ஸ்லைடில் வைக்கிறேன்.