பொருள்: திரிபு ஓரிடத்தில் சேர்வதற்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

இராமநாதபுரம், பாலிடெக்னிக் ஆசிரியை:
வணக்கம். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்ட்ரெயின் லோக்கலைசேஷன்' தமிழில் என்ன? ஸ்ட்ரெயினைத் 'திரிபு' என்கிறோம், அதாவது இழுக்கும்போது நீளம் மாறும் விகிதம். இரும்புக் கம்பியை இழுத்தால் முதலில் முழு நீளமும் சீராக நீள்கிறது. அப்புறம் ஓரிடத்தில் கழுத்து விழுந்து, மிச்ச நீட்சியெல்லாம் அங்கேயே சேர்கிறது. 'திரிபுக்குவிவு' என்று எழுதியிருக்கிறேன். இழுத்து விட்டாலும் பழைய வடிவுக்குத் திரும்பாத 'பிளாஸ்டிக் பொருள்' என்பதற்கு 'நெகிழி' என்று போட்டதில் ஒரு பையன், "மிஸ், வாளியா?" என்று கேட்டுவிட்டான். அதைக் 'குழைமப் பொருள்' ஆக்கிவிட்டேன். அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, எனக்குத் திரிபே உறுத்துகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம் என்கிறது நன்னூல். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு விகாரம் என்றே இருக்கிறது. அவர்கள் பொதுப்பெயரை எடுத்தார்கள், நாம் மூன்றில் ஒன்றை எடுத்தோம். பொன்+குடம் பொற்குடம் ஆனதில் னகரம் றகரமாகத் திரிந்தது, நீளவில்லையே! கம்பி நீள்வது தோன்றல் பக்கமல்லவா?

கீழக்கரை, பொறியாளர்:
ஐயா, கம்பியைவிட மடல் நீள்கிறது. என் சிக்கல் 'குவிவு'. கணக்கில் விடை ஒரு மதிப்பை நெருங்கிப் போவதைத்தான் குவிதல் என்கிறோம். இங்கே விடை குவியாததுதான் தலைவலியே. கணினியில் பொருளைச் சிறு கண்களுள்ள வலையாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறோம். திரிபு ஏற ஏறப் பொருள் வலுக் குன்றினால், வலையின் கண்ணைச் சிறிதாக்கும்போதெல்லாம் திரிபு சேரும் பட்டையும் கூடவே ஒடுங்கி ஒரு கண் அகலத்துக்கு வந்து நிற்கும். உடைக்கத் தேவையான ஆற்றல் சுழியை நோக்கிப் போகும். 'திரிபுக்குவிவு குவிவதில்லை' என்று மாணவருக்கு எழுதுவீர்களா?

பாம்பன், முதுகலை மாணவன்:
வலைக்கண் வந்ததில் சந்தோஷம் அண்ணே. எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் சொல் அது. என் யோசனை 'திரிபு ஒதுங்கல்'. காற்று மாறினால் பாசி கரையெல்லாம் பரவாது, ஒரே இடத்தில் வரியாக ஒதுங்கும்.

தொண்டி:
தம்பி, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்கிறோமே, அந்த ஒதுங்கலா? விலகிப் போவதல்லவா பொருள்?

கீழக்கரை:
பாசி எனக்குப் பிடித்தது. ஆனால் பாசி வரியின் அகலத்தைக் கடல் தீர்மானிக்கிறது, நம் பட்டையின் அகலத்தை வலை தீர்மானித்துவிடுகிறது. பள்ளம் தோண்டும்போது மணல் சுவர் பாளமாகச் சரியுமே, அதில் நழுவுகிற பட்டையின் தடிமன் மணல்மணிகளின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 10 முதல் 20 மடங்கு. சாதாரணச் சமன்பாட்டுக்கு மணியின் அளவே தெரியாது. அதனால்தான் 1984-இல் ஐஃபாண்டிஸ் என்ற ஆய்வாளர் திரிபின் சரிவை, அதாவது இடத்துக்கு இடம் திரிபு மாறும் வீதத்தை, சமன்பாட்டில் சேர்த்தார், 1987-இல் பிஜோடியே-கபோ, பசாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புள்ளியின் அக்கம்பக்கத்துச் சராசரியைச் சேர்த்தார்கள். இரண்டும் சமன்பாட்டுக்கு ஒரு நீள அளவைக் கொடுக்கின்றன. என் ஓட்டு 'திரிபு ஓரிடமாதல்'. அழகில்லை, குழப்பமும் இல்லை.

பாம்பன்:
சரி, அதுவே இருக்கட்டும். வலைக்கண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஆசிரியை:
அச்சகத்தில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'திரிபு ஓரிடமாதல்' என்று போட்டு, முதல் முறை மட்டும் பக்கத்தில் 'லோக்கலைசேஷன்' சேர்த்திருக்கிறேன். வலைக்கண் இருக்கிறது.

தொண்டி:
என் ஓட்டு விகாரத்துக்கே, பதிவில் இருக்கட்டும். பொற்குடத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.