திருநெல்வேலி வீடு: வாடகைக்கு வருபவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

ஒழுங்கைவீடு:
வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், கம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. மூன்று அறை, சொந்தக் கிணறு, வளவில் ஐந்து தென்னை, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். நான் ரொறொன்ரோவில். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.

நான்கு வருடத்தில் மூன்று குடும்பம். முதலில் ஒரு விரிவுரையாளர், பிறகு வங்கி வேலைத் தம்பதி, கடைசியாக ஒரு தாதி. மூவருமே தங்கமானவர்கள். வாடகை 5ஆம் திகதிக்குள் வந்துவிடும், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் ஆனதும் கிளம்பிவிட்டார்கள். வாடகை 45 ஆயிரம், அயலைவிடக் குறைவுதான். பெயின்ற் அடித்தேன், குளியலறைக்கு டைல்ஸ் போட்டேன். இன்னும் 5 ஆயிரம் குறைத்தால் நிற்பார்களா?

கொக்குவில் மேசன்:
தம்பி, டைல்ஸை விடுங்கள், தண்ணீரைச் சொல்லுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலில் வெள்ளை படியும், ஷவர் ஓட்டை அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிணற்றில் நீர் மேலே வரும்போது மலகூடக்குழியும் நிரம்பும். அப்போது யாரைக் கூப்பிட்டார்கள்? மோட்டர் பழுதானால் எத்தனை நாளில் சரியாகும்?

ஒழுங்கைவீடு:
மோட்டர் ஒருமுறை எரிந்தது. சித்தப்பா எனக்குச் சொல்லி, நான் காசு அனுப்பி, ஒன்பது நாள். அதுவரை அவர்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளினார்களாம்.

வங்கிக்காரன்:
ஒன்பது நாளா! சரி, அந்தத் தம்பதி மார்கழிக் கடைசியில் போயிருந்தால் அது வங்கியின் வருடாந்த இடமாற்றமாக இருக்கலாம், அந்தக் கணக்கை உங்கள் தலையில் போடாதீர்கள். மற்ற இருவரைப் பற்றி யோசியுங்கள்.

குடியிருக்கிறவள்:
பதினாறு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். மூன்று கேள்விதான். தேங்காய் யாருக்கு? சித்தப்பாவிடம் திறப்பு (சாவி) இருக்கிறதா? நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் நீங்கள் எங்கே தங்குவீர்கள்?

முன்பிருந்த வீட்டில் காலை ஆறு மணிக்குத் தேங்காய் பிடுங்க ஆள் வந்து நிற்பார். நான் நைட்டியோடு கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாடகையும் மலிவு. ஆனாலும் விட்டுவிட்டேன். அந்தத் தாதிக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். சித்தப்பா மூலம் கேட்டால் "ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

ஒழுங்கைவீடு:
கேட்டேன். முதலில் "ஒன்றுமில்லை அண்ணா" என்றார். பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் வந்தது. சித்தப்பா தினமும் பூசைக்குச் செம்பரத்தை பறிக்கப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருவாராம். இரவு வேலை முடித்துத் தூங்குபவருக்கு அந்தச் சத்தம். மாங்காயை எண்ணி வைத்திருப்பாராம். போன வருடம் நாங்கள் ஐந்து பேர் திருவிழா 25 நாளும் முன் அறையில் தங்கினோம். அந்தத் தாதி எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்தார், நான் அதை அன்பு என்று நினைத்தேன். அந்த மாத வாடகையையும் முழுதாக வாங்கியிருக்கிறேன். விரிவுரையாளருக்கும் இதே கதைதானாம்.

கச்சேரியடி:
வாடகையைக் குறைக்க வேண்டாம், உடன்படிக்கையைத் திருத்துங்கள். குடியிருக்கும் காலத்தில் தேங்காயும் மாங்காயும் அவர்களுக்கு. உள்ளே வருவதென்றால் முதல் நாளே தொலைபேசியில் கேட்க வேண்டும். 15 ஆயிரத்துக்குள் முடிகிற திருத்தத்தை அவர்களே செய்து, பில்லை வட்ஸ்அப்பில் அனுப்பி வாடகையில் கழிக்கட்டும். இரண்டு வருடத்துக்கு எழுதுங்கள், நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்படாவிட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்ட வெறும் கடதாசியை நம்பி இங்கே எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

ஒழுங்கைவீடு:
எழுதலாம். சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் வைத்த செம்பரத்தை என்பார். திறப்பை வாங்கினால் மூன்று மாதம் கதைக்க மாட்டார்.

குடியிருக்கிறவள்:
திறப்பை உடனே கேட்காதீர்கள். மாரி தொடங்கியதும் அந்தச் செம்பரத்தையில் இரண்டு தடி வெட்டி அவர் வேலியோரம் நடச் சொல்லுங்கள், சுலபமாகப் பிடிக்கும். பூ அங்கேயே கிடைத்தால் படலைக்கு வர வேலையில்லை. திறப்புப் பேச்சு அதற்குப் பிறகு. முன் அறையையும் மறந்துவிடுங்கள்.

ஒழுங்கைவீடு:
சரி அக்கா. அப்படியென்றால் வருகிற திருவிழாவுக்கு நல்லூரடியில் ஐந்து பேருக்கு அறை எப்போது சொல்லி வைக்க வேண்டும்?

கொக்குவில் மேசன்:
இப்பவே, தம்பி.