16 ஹெர்ட்ஸ் காதுல கேக்காதாம், அதனால பைப் ஆர்கனே வேணாமாம்

காற்றுப்பெட்டி:
நேத்து இங்க டெசிபெல்ராஜா ஒண்ணு எழுதினாரு, படிச்சதுல இருந்து தூக்கமே வரல. பல்கலைக்கழக சேப்பல்ல, அதான் வளாகத்து தேவாலயத்துல, வருஷம் முழுக்க நடக்குற கொயர் (பாடகர் குழு) கச்சேரி, ஆர்கன் கச்சேரிக்கெல்லாம் பைப் ஆர்கன், அதாவது குழாய்ங்கள்ல காத்த ஊதி வாசிக்கிற வாத்தியம், தண்டச்செலவாம். 32 அடி பைப்போட ஆகக் கீழ் ஸ்வரம் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 அதிர்வு), மனுஷக் காது 20க்குக் கீழ கேக்காது, அதனால டிஜிட்டல் ஆர்கன் ஒண்ணு, நல்ல ஸ்பீக்கர் நாலு இருந்தா போதுமாம். யோவ், நீ என்னைக்காவது ஒரு சேப்பல்ல உக்காந்து, கால் கட்டைல வாசிக்கிற அந்த பெடல் ஸ்வரத்த வாங்கியிருக்கியா? பெஞ்சு வழியா முதுகுல ஏறும்யா அது. நான் ஆறு வருஷமா ஆர்கனுக்கு சுருதி சேக்குற ஒரு டியூனர் கூட, வாசிக்கிற கன்சோல்ல உக்காந்து கட்டையப் பிடிச்சுக் குடுக்குறவன், அவரு உள்ள பைப்புக்கு நடுவுல நிப்பாரு, நான் ஒவ்வொரு கட்டையா அமுக்குவேன். எனக்கு வந்து ஹெர்ட்ஸ் பாடம் எடுக்காத.

டெசிபெல்ராஜா:
முதுகுல ஏறுறது வேற, காதுல கேக்குறது வேற சார். நான் எழுதினது கேக்குறதப் பத்தி. 16 ஹெர்ட்ஸ் கேக்குமா கேக்காதா? ஒரே கேள்விதான். ஆறு வருஷம் கட்டை அமுக்கினவருக்கு இதுக்கு பதில் தெரிஞ்சிருக்கணுமே.

ஆல்ட்டோ_அக்கா:
ரெண்டு பேரும் முதல்ல 32 அடின்னா என்னன்னு சொல்லிட்டு சண்டை போடுங்கப்பா. அது ஸ்டாப்போட (ஒரே நிறத்துல ஒலிக்கிற பைப் வரிசை) பேரு, எல்லா இடத்துலயும் பைப்போட நீளம் இல்ல. மேல மூடி போட்ட பைப்பா இருந்தா 16 அடியிலயே அதே ஸ்வரம் வரும், கூடவே வர்ற மேல்ஸ்வரத்துல ஒற்றைப்படை மடங்கு மட்டும் தூக்கலா இருக்கும், அவ்ளோதான். இடமில்லாத சேப்பல்ல 16 அடி பைப்பையும் பத்தே முக்கால் அடிக்கு கொஞ்சம் கம்மியான பைப்பையும் சேத்து ஊதி, 32 அடி மாதிரி தோண வைப்பாங்க. நீங்க எதப் பத்தி பேசுறீங்க?

டெசிபெல்ராஜா:
பாத்தீங்களா, அக்காவே சொல்லிட்டாங்க, சேப்பல்காரங்களே ஏமாத்து வேலைதான் பண்றாங்க. ரெண்டு பைப்ப வெச்சு மூணாவது இருக்குற மாதிரி காட்டலாம்னா அதையே ஸ்பீக்கர் காட்டினா என்ன தப்பு?

ஆல்ட்டோ_அக்கா:
நான் ஏமாத்துன்னு எங்க சொன்னேன்??

காற்றுப்பெட்டி:
அக்கா நீங்க நடுவுல வந்து அவருக்கு கயிறு எடுத்துக் குடுக்காதீங்க. இங்க பாரு ராஜா, 16 ஹெர்ட்ஸ் பைப் ஊதும்போது 16 மட்டுமா வருது? 32, 48, 64ன்னு மேல மேல அடுக்கா வருது, அதெல்லாம் காதுல நல்லாவே விழுது, அத வெச்சு மூளையே அடி ஸ்வரத்தக் கட்டிக்குது, அதனாலதான் கேக்குற மாதிரி இருக்கு. அது மட்டுமில்ல, கொயர் நாப்பது பேர் அந்த அடி ஸ்வரத்து மேலதான் நிக்கிறாங்க. கடைசி ஸ்வரக் கூட்டுல பெடல் வந்து உக்காரும்போது சோப்ரானோ, அதான் உச்சத்துல பாடுறவங்க, குரலே வேற மாதிரி திறக்கும், இத நான் நூறு தடவை பாத்திருக்கேன்.

டெசிபெல்ராஜா:
அப்ப மூளைதான் கட்டிக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. 16 கேக்கல. நன்றி. வணக்கம்.

காற்றுப்பெட்டி:
யாரு ஒத்துக்கிட்டா? போன தடவை கட்டடத்து எதிரொலி விஷயத்துலயும் இதே மாதிரி பாதி வரிய வெட்டி எடுத்து ஒட்டின, நான் மறக்கல. அன்னைக்கு நீ என்ன சொன்ன, எதிரொலி கம்மியா இருந்தா கொயர் வார்த்தை தெளிவா கேக்கும், சேப்பல் சுவத்துல சத்தம் உறிஞ்சுற ஓடு பதிக்கணும்னு. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழக சேப்பல்ல அப்படித்தான் பதிச்சாங்க, பிரசங்கம் கேக்கட்டும்னு. அப்புறம் ஃப்ளென்ட்ராப் கம்பெனி பைப் ஆர்கன் வரப்போகுதுன்னதும் 1970கள்ல அதே சுவத்த பூசி அடைச்சாங்க, சத்தம் சுத்தி வரட்டும்னு. 1976ல ஆர்கன் வந்துச்சு. 1932லயே இருந்த ஏயோலியன் கம்பெனி பைப் ஆர்கனையும் தூக்கிப் போடல, ரெண்டையும் வெச்சு வாசிக்கிறாங்க. ரெண்டு பைப் ஆர்கன்! வேஸ்ட்டுன்னு நினைக்கிறவனா ரெண்டு வெச்சுக்குவான்?

கடைசிபெஞ்ச்:
நான் ஒண்ணு கேக்கலாமா, கச்சேரி முடிஞ்சதும் கைதட்டலாமா கூடாதா? போன சீசன்ல நான் தட்டினப்ப முன்னாடி பெஞ்சு அம்மா திரும்பிப் பாத்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஆல்ட்டோ_அக்கா:
கச்சேரின்னா தட்டலாம். ஈவ்ன்சாங்னா அது சாயங்கால வழிபாடு, தட்டக்கூடாது. போஸ்டர்ல எதுன்னு போட்டிருப்பாங்க, படிச்சுட்டு வரணும்.

கடைசிபெஞ்ச்:
அதே கொயர், அதே பாட்டு, அதே பெஞ்சு. எனக்கு எப்படிக்கா தெரியும்? கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்ல 1918ல இருந்து நடக்குற கிறிஸ்துமஸ் ஒன்பது வாசகமும் (பைபிள் வாசிப்பும் பாட்டும் மாறி மாறி வரும்) வழிபாடுதான், ஆனா 1928ல ரேடியோல போட ஆரம்பிச்சதுல இருந்து உலகமே அத கச்சேரியாத்தான் கேக்குது.

ஆல்ட்டோ_அக்கா:
கேக்குறவன் எப்படிக் கேட்டா என்ன, பாடுறவங்களுக்கு அது ஜெபம். அதே கேம்பிரிட்ஜ்ல செயின்ட் ஜான்ஸ் காலேஜ் கொயர்ல சின்னப் பொண்ணுங்களயும் பெரிய பெண்களயும் சேக்கவே 2022 ஆச்சு, அதப் பத்தி இங்க ஒருத்தரும் வாயத் திறக்கல, ஒரு பைப்புக்கு மூணு நாளா குத்துச்சண்டை.

டெசிபெல்ராஜா:
அக்கா அது தனி டாபிக். பையன்களோட குரல் நிறம் வேற, அத மறுக்க முடியாது.

ஆல்ட்டோ_அக்கா:
கண்ண மூடிட்டுக் கேளு, எது பையன் எது பொண்ணுன்னு சரியா சொல்லு பாப்போம். 16 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அறிவியல் கேப்ப, இதுக்கு கேக்க மாட்ட.

காற்றுப்பெட்டி:
திரும்பவும் விஷயத்த விட்டு எங்கயோ போறீங்க. ஸ்பீக்கர் ஸ்பீக்கர்னு சொல்றவங்க ஒரு தடவை யோசிங்க. குளிர்ல காலியா இருந்த சேப்பல்ல ஐநூறு பேர் வந்து உக்காந்தா சூடு ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஃப்ளூ பைப் (விசில் மாதிரி ஊதுறது) சுருதி கிட்டத்தட்ட 3 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல மூணு பங்கு) மேல போகும், ரீட் பைப் (உள்ள உலோக நாக்கு அதிர்றது) அந்த அளவுக்கு நகராது, அப்ப ஒரே ஆர்கனுக்குள்ளயே சுருதி பிரியும். இத சரி பண்ணத்தான் கச்சேரி அன்னைக்கு மத்தியானம் நாங்க ஹீட்டர் போட்டு உக்காந்து ரீட் ரீட்டா தட்டிட்டு இருப்போம். அது பழுது இல்ல, அது மூச்சு விடுற பொருள்.

டெசிபெல்ராஜா:
சுருதி பிரியும்னும் நீங்களே சொல்லிட்டீங்க. டிஜிட்டல்ல பிரியாது. அப்புறம் ஒரு கச்சேரில கட்டைய எடுத்த பிறகும் ஒரு பைப் நிக்காம ஊதிட்டே இருந்துச்சுன்னு போன மாசம் அழுதது யாரு?

காற்றுப்பெட்டி:
நான்தான் அழுதேன். கொயர் சத்தமே இல்லாம முடிக்கிற இடம், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நிக்குது, நான் உள்ள ஓடிப்போய் பைப்பயே கையால தூக்கி எடுத்தேன். அதையெல்லாம் பண்ணின பிறகும் சொல்றேன், பைப்தான் வேணும். ஸ்பீக்கர் கோன் ஒரு மூலையில இருந்து துப்பும், பைப் அந்தக் கட்டடத்துக் காத்த முழுசா ஆட்டும். 32 அடி பைப் இல்லாத சேப்பல்ல சீசன் டிக்கெட்டே எடுக்க மாட்டேன்.

ஆல்ட்டோ_அக்கா:
மூடின 16 அடி இருந்தா எடுப்பியா?

காற்றுப்பெட்டி:
அது 32 அடிதான்கா!

டெசிபெல்ராஜா:
16 கேக்குமா கேக்காதா, ஒரு வார்த்தை.

காற்றுப்பெட்டி:
வா, ஒரு நாள் பெடல் பைப் பக்கத்துல வந்து நில்லு, நான் கட்டைய அமுக்குறேன்.

டெசிபெல்ராஜா:
அப்ப கேக்காது.