மூணு வயசு பையனுக்கு சிபி (மூளை வாதம்), தெரபிக்காக சென்னைக்கு குடி போகலாமா?

கரிசல்காட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு வர்ற தையில மூணு முடியுது. எட்டாம் மாசமே பிறந்துட்டான், ஒன்றரை கிலோ, இருபத்திரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்தான். ஒரு வயசாகியும் உட்காரலைன்னப்ப மாமியார் எங்க வீட்டுல எல்லாரும் லேட்டா தான் நடப்பாகன்னாங்க, நானும் நம்பிட்டேன். இப்ப சிபின்னு சொல்லிட்டாங்க, தசை இறுகிப் போற ஸ்பாஸ்டிக் டைப்பாம், காலு ரெண்டும் கத்திரி மாதிரி பின்னிக்கிடுது. கை பரவாயில்ல, புத்தி நல்லா இருக்கு, கோழிய விரட்டச் சொல்லி எனக்கே ஆர்டர் போடுவான். வாரம் ரெண்டு நாள் மதுரைக்கு தூக்கிட்டுப் போறேன், ஒரு தடவைக்கு 500, பஸ்ஸு சாப்பாடு தனி. முக்கால் மணி நேர தெரபிக்கு போக வர அஞ்சு மணி நேரம், பஸ்ல அழுது அழுது அங்க போனதும் தூங்கிருதான். வீட்டுக்காரருக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. எல்லாரும் சென்னைக்குப் போ, அங்க தான் பெரிய சென்டருங்காங்க, இருக்க ரெண்டு குறுக்கம் நிலத்த வித்துட்டுப் போயிரலாமான்னு யோசிக்கோம். இன்னொருத்தர் ஸ்டெம்செல் ஊசி போட்டா நடந்துருவான், நாலு லட்சம் ஆகும்ங்காரு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

முத்துநகர்:
தங்கச்சி, முதல்ல நிலத்த விக்காதீங்க. எனக்கும் பையன், இப்ப 14 வயசு, சிபி தான். நாங்களும் இதே மாதிரி ஊர் ஊரா அலைஞ்சு நகைய வச்சு தோத்துப் போய் உட்கார்ந்த ஆளுங்க, அதனால சொல்றேன். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோ மெடிக்கல் காலேஜோ, அதுல டிஇஐசி-ன்னு ஒண்ணு இருக்கும், பிறந்ததுல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்துல, காசு கிடையாது. அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் டீம் வரும்ல, அவங்ககிட்ட சொன்னாலே எழுதிக் குடுப்பாங்க. அப்புறம் உங்க ஒன்றியத்துல பிஆர்சி, அதான் வட்டார வள மையம், பிசியோ என்னைக்கு வருவாங்கன்னு போய் கேட்டு வச்சுக்கோங்க. வெளிய கொண்டு போகவே முடியாத பிள்ளைன்னா ஸ்பெஷல் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க.

பேப்பர் வேலைய இப்பவே ஆரம்பிங்க. முதல்ல யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அது இல்லாம ஒண்ணும் நகராது. சின்னப் பிள்ளைக்கு சர்டிபிகேட் தற்காலிகமா தான் தருவாங்க, பிறகு திரும்ப பாப்பாங்க, அதுக்காக தள்ளிப் போடாதீங்க. பாதிப்பு 40 சதவீதம்னு போட்டா சலுகை எல்லாம் ஆரம்பிக்கும், கை கால் பாதிப்பு 75க்கு மேலன்னா மாசம் 2000 பராமரிப்பு தொகைக்கு எழுதிப் போடலாம். எங்களுக்கு அந்த ஃபைல் ஒரு ஆபீஸ்ல ஒம்போது மாசம் தூங்குச்சு, போறப்பல்லாம் மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னே பதில், கடைசியில திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்த பிறகு தான் அசைஞ்சுது. நிராமயான்னு சிபி பிள்ளைகளுக்கே இன்சூரன்ஸ் இருக்கு, வருசம் ஒரு லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல சேரும். ஆனா நாம கட்டிட்டு தான் பிறகு வாங்கணும், பில்லு ஒண்ணு விடாம வைங்க.

நெல்லை பிசியோ:
ஸ்டெம்செல்லுக்கு நாலு பைசா கூட குடுக்காதீங்கம்மா. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் 2017லயே விதி போட்டிருக்கு, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு தவிர மத்ததுக்கெல்லாம் ஆராய்ச்சியா மட்டும் தான் செய்யலாம், அப்படி ஆராய்ச்சின்னா காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே ஆளு யாருன்னு புரிஞ்சுக்கலாம்.

தெரபி வாரம் ரெண்டு நாள் முக்கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் பிள்ளை எப்படி கிடக்கு, எப்படி உட்காருதுங்கறது தான் பெருசு. கால W மாதிரி மடக்கி உட்கார விடாதீங்க. உங்க இடுப்புல கால விரிச்சு உட்கார வச்சு தூக்குங்க, பச்சப்பிள்ளை மாதிரி கைல ஏந்தாதீங்க. பழைய சேலை நாலஞ்ச இறுக்கிச் சுருட்டி குதிரை மாதிரி அது மேல உட்கார வச்சு சோறு ஊட்டுங்க, அதுவே பயிற்சி தான். இன்னொண்ணு, இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா? நடக்காத சிபி பிள்ளைகளுக்கு தொடை எலும்பு மூட்டை விட்டு மெல்ல மெல்ல நழுவும், ஆரம்பத்துல வலிக்காது, அதனால யாருக்கும் தெரியாது, ரெண்டு வயசு வாக்குலயே ஒண்ணு எடுத்திருக்கணும். ஏஎஃப்ஓ, அதான் கணுக்கால் வளையாம பிடிக்கிற பட்டை, போட்டிருந்தா, வளர்ற பிள்ளை, பழசு கடிச்சு புண்ணாக்கும், அப்பப்ப மாத்தணும்.

அப்புறம் உங்களுக்கு எட்டுற தூரத்துல தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கு, 1981ல இருந்து நடக்குது, ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் அய்யாவே கழுத்துக்கு கீழ அசைவு இல்லாதவர் தான். வீட்ல என்ன செய்யணும்னு தாய் தகப்பனுக்கே சொல்லிக் குடுப்பாங்க. ஒரு நடை போய்ட்டு வாங்க.

மேடவாக்கம்:
நாங்க சென்னைக்கு வந்தவங்க, அதனால மறுபக்கமும் சொல்றேன். கோட்டூர்புரத்துல வித்யா சாகர், முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட், ரெண்டும் நல்ல இடம், பொய் சொல்லல. ஆனா வாடகை 12 ஆயிரம், மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, பாப்பாவ தூக்கி தூக்கி எனக்கு முதுகு டிஸ்க் போயிருச்சு, ஒரு அவசரத்துக்கு பிடிக்க ஆளில்ல. வந்து ஒரு வாரம் காட்டி திட்டம் எழுதி வாங்கிட்டு ஊர்லயே செய்யுங்க சிஸ்டர். ட்ரெயின்ல சலுகை சர்டிபிகேட் இருந்தா ஸ்லீப்பர்ல பிள்ளைக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி.

நாலு சக்கரம்:
எல்லாரும் நல்லா தான் சொல்றீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்லிக்கிறேன். நானே சிபி, வயசு 31, பேங்க்ல வேலை. என்னைய நடக்க வைக்கணும்னு பத்து வருசம் எங்க அப்பா அம்மா கும்பிடாத சாமி இல்ல, அதுல ரெண்டாவது படிக்க வேண்டிய வயசுல பள்ளிக்கூடமே போகல. 12 வயசுல சக்கர நாற்காலி வந்தப்ப வீட்ல அழுதாங்க, நான் அன்னைக்கு தான் முதல் தடவையா தனியா தெருமுனைக் கடைக்குப் போய் தேன் மிட்டாய் வாங்கினேன். பையன அடுத்த வருசமே அங்கன்வாடியில விடுங்கக்கா, ஆறு வயசானா பக்கத்து ஸ்கூல்ல. சேக்க மாட்டோம்னா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்த சொல்லுங்க, 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு அவன் உரிமை. பத்தாவதுல எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரமும், எழுத ஆளும் கூட உண்டு. கோழிய விரட்ட ஆர்டர் போடுறவன் படிச்சிருவான்.

கரிசல்காட்டு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், நாலு சக்கரம் தம்பி எழுதினத கேட்டு எந்திச்சு வெளிய போயிட்டாங்க, ராத்திரி வந்து நிலம் இருக்கட்டும்னாங்க. வர்ற செவ்வாக்கிழமை டிஇஐசி போறோம், எக்ஸ்ரே பத்தியும் கேக்கேன். சேலையச் சுருட்டி உட்கார வச்சேன், அவன் அதையே குதிரைன்னு ஹை ஹைங்கான். முத்துநகர் அக்கா, பிள்ளை சாயாம உட்கார மூலை நாற்காலிங்காங்களே, அத ஆசாரிகிட்ட செஞ்சுக்கலாமா? அளவு என்ன சொல்ல?

முத்துநகர்:
தாராளமா செய்யலாம், எங்களுக்கு செஞ்சது இன்னும் மச்சுல கிடக்கு. சுவர் மூலை மாதிரி ரெண்டு பலகை முதுகுக்கு. உட்கார்ற பலகை முதுகுல இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்து ரெண்டு விரல்கடை குறைச்சுக்கோங்க, பாதம் முழுசா தரையில படணும், நடுவுல கால் பின்னாம ஒரு கட்டை, பஞ்சு சுத்தினது. முன்னாடி பலகை அவன் முழங்கை உயரத்துக்கு. அந்த அளவ டிஇஐசி பிசியோகிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஆசாரிகிட்ட குடுங்க. வேப்பம்பலகை போதும், தேக்குன்னு சொல்லி காசு புடுங்கப் போறாரு.