மூச்சுக்குழாய்ல ட்யூப் போட வராத எனக்கு அனஸ்தீசியா (மயக்க மருத்துவம்) சரிப்படுமா?

தூக்கமில்லாதவன்:
சிங்கப்பூரில் எம்ஓவாக (மெடிக்கல் ஆபீசர்) இருக்கிறேன். ஆறு மாத அனஸ்தீசியா போஸ்டிங்கில் இது ஏழாவது வாரம். இதே துறையில ரெசிடென்சிக்கு (சிறப்பு மருத்துவர் பயிற்சி) விண்ணப்பிக்க ஆசை. ஆனா நேத்து பித்தப்பை கேஸ் ஒண்ணு. மயக்கத்துக்குப் புரோபோஃபால், தசை தளர ரோகுரோனியம் எல்லாம் போட்டாச்சு. தொண்டையைப் பார்க்கற பிளேடு கருவி, லாரிங்கோஸ்கோப்பை விட்டா நாக்குதான் தெரியுது, குரல்நாண் தெரியல. ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு மானிட்டர் சத்தம் ஒவ்வொரு சுருதியா இறங்க ஆரம்பிச்சதும் கை நடுங்கிடுச்சு. சீனியர் ஒண்ணும் சொல்லாம வாங்கிப் போட்டார். இது மூணாவது தடவை. வீட்ல அம்மா வேற, "மயக்க ஊசி போடறதுக்கா இவ்ளோ படிப்பு?"ங்கறாங்க.

தேக்கா அக்கா:
தம்பி, தலைக்கடியில என்ன வெச்சீங்க? மணிக்கட்டை மடக்கினீங்களா?

தூக்கமில்லாதவன்:
சின்ன ரிங்தான் அக்கா. மடக்கியிருப்பேன், மேல்பல்லுல இடிச்சுது.

தேக்கா அக்கா:
அப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு. காதுத் துளையும் நெஞ்செலும்பு மேல்நுனியும் ஒரே மட்டத்துக்கு வர்றவரை தலையை உயர்த்துங்க. உடம்பு பருமனா இருந்தா தோளுக்கடியிலயும் துணி மடிச்சு வைக்கணும். பிளேடை நெம்பாதீங்க, கைப்பிடி காட்டற திசையில முழுக்கையால தூக்குங்க. முன்னாடி 3 நிமிஷம் ஆக்சிஜன் ஒழுங்கா குடுத்திருந்தா, ஆரோக்கியமானவருக்கு சில நிமிஷக் கையிருப்பு இருக்கும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது சட்டுனு தீர்ந்துடும். சத்தம் இறங்கினா வெட்கப்படாம வெளிய எடுத்துட்டு மாஸ்க் பிடிங்க.

முன்னாள் ஆபரேஷன் தியேட்டர் வாசி:
கை தானா படியும். கேஸ் நடுவுல ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே நடக்காதப்ப உங்களுக்கு எப்படியிருக்கு? நான் ஒரு வருஷம் பார்த்துட்டு பொது மருத்துவத்துக்கு மாறிட்டேன். மறுநாள் நோயாளிக்கு நம்ம முகமே ஞாபகம் இருக்காது, அது எனக்கு ஒட்டல. ரெசிடென்சி 5 வருஷம், எம்மெட் (முதுநிலை மருத்துவப் பட்டம்) பரீட்சை, ராத்திரி மூணு மணிக்கு பிரசவ வார்டுல எபிடியூரல் (வலி தெரியாம இருக்க முதுகுல போடற ஊசி). எல்லாம் கணக்குல வைங்க.

தூக்கமில்லாதவன்:
எனக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் பிடிச்சிருக்கு. பிரஷர் இறங்கினா, சர்ஜன் கேக்கறதுக்குள்ள காரணத்தைத் தேடறது. இன்னிக்குக் காலைல ஒரு பாட்டி, வார்டுல இங்கிலீஷ்ல எதைக் கேட்டாலும் 'யெஸ் யெஸ்'னு தலையாட்டினவங்க. தமிழ்ல பேசினதும் என் கையைப் பிடிச்சு, "எழுப்பி விட்டுடுவீங்கல்ல?"ன்னாங்க. அப்புறம் மெதுவா, காலைல 6 மணிக்கு கோப்பி குடிச்சேன்னாங்க. பால் இல்லாத கோப்பி ஓவா இருந்தா, மயக்கத்துக்கு முன்னாடி வயிறு காலியாக 2 மணி நேரம் போதும். இது பால் போட்டது, 6 மணி நேரம் ஆகணும். ஆபரேஷனைத் தள்ளி வெச்சேன்.

தேக்கா அக்கா:
எத்தனை மணிக்குத் தள்ளினீங்க?

தூக்கமில்லாதவன்:
பன்னிரண்டு. சர்ஜன் முகம் சுளிச்சார்.

தேக்கா அக்கா:
சுளிக்கட்டும். விண்ணப்பத்தைப் போடுங்க. பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டற மெல்லிய நீளக் குச்சி) ஒண்ணு கேட்டு வாங்கி தலைமாட்டுலயே வெச்சுக்கோங்க, குரல்நாண் பாதிதான் தெரிஞ்சாலும் அதை நுழைச்சு, அதும்மேல ட்யூபை இறக்கிடலாம். அம்மாகிட்ட அந்தப் பாட்டி கோப்பிக் கதையைச் சொல்லிப் பாருங்க.