பழைய பிஹெச்பி பில்லிங் மென்பொருளுக்குள் எலோக்வென்டை மட்டும் கொண்டுவர முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். 2012இல் எழுதியது, ஃபிரேம்வொர்க் எதுவும் கிடையாது. 140 கோப்புகள், எதைத் திறந்தாலும் உள்ளே நேரடி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்கான கட்டளை மொழி). பிஹெச்பி 7இல் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை எடுத்துவிட்டதால் எல்லாவற்றையும் அவற்றுக்கு மாற்றாக வந்த 'மைஎஸ்க்யூஎல்ஐ'க்கு மாற்றினேன். இப்போது 7.4இல் ஓடுகிறது. கடையை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது, அதனால் முழுதாக லாராவெல் ஃபிரேம்வொர்க்குக்குப் போக வழியில்லை. அதில் உள்ள எலோக்வென்ட் (எஸ்க்யூஎல் எழுதாமல் அட்டவணைகளை பிஹெச்பி ஆப்ஜெக்டுகளாகக் கையாளும் பகுதி) மட்டும் கிடைத்தால் போதும்.

பதில்:
முடியும். கம்போசரில் (பிஹெச்பி தொகுப்புகளை நிறுவும் கருவி) எலோக்வென்ட் அடங்கிய இல்லுமினேட் டேட்டாபேஸ் 8ஆம் பதிப்பைப் போடுங்கள். 9க்கு பிஹெச்பி 8 வேண்டும்.

இன்னொரு பதில்:
நான் இதைச் செய்திருக்கிறேன். அந்தத் தொகுப்பில், லாராவெல் இல்லாமலே எலோக்வென்டை இயக்க உதவும் கேப்ஸ்யூல் மேனேஜரை எடுத்து அட்கனெக்‌ஷன், செட்ஆஸ்குளோபல், பூட்எலோக்வென்ட் என்று மூன்றே அழைப்புகள். எல்லாப் பக்கமும் இன்க்ளூட் செய்கிற கோப்பில் ஒரு தடவை எழுதினால் போதும். பழைய அட்டவணைகளில் கிரியேட்டட்_அட், அப்டேட்டட்_அட் இருக்காது. எலோக்வென்ட் அவற்றைத் தானாக நிரப்பப் பார்க்கும், அதனால் மாடலில் (ஓர் அட்டவணைக்கான கிளாஸ்) டைம்ஸ்டாம்ப்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

நான் உண்மையில் அடிபட்டது வேறு இடத்தில். எலோக்வென்ட் பிடிஓ என்ற வேறோர் இணைப்பு வழியாகப் போகிறது, உங்கள் பழைய கோடு மைஎஸ்க்யூஎல்ஐ வழியாக. டேட்டாபேஸைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஆட்கள். பழைய கோடு டிரான்சாக்‌ஷன் தொடங்கி ஸ்டாக் வரிசையைக் குறைத்தது. அது கமிட் ஆவதற்குள் (மாற்றம் உறுதியாகி வரிசையின் பூட்டு விடுபடுவதற்குள்) என் புதிய மாடல் அதே வரிசையைத் தொட்டது. பக்கம் 50 விநாடி அப்படியே நின்று, லாக் டைம்அவுட் என்று விழுந்தது. இரண்டு நாள் நெட்வொர்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஆகவே பில் சேமிக்கிற வேலையைப் பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிக்காதீர்கள். மாற்றினால் முழுதாக மாற்றுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். ரிப்போர்ட் பக்கங்களில் தொடங்குங்கள், அவை படிக்க மட்டும்தானே செய்கின்றன.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. ரிப்போர்ட் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். எண்கள் சரி, ஆனால் தமிழில் உள்ள சரக்குப் பெயர்கள் மட்டும் குப்பை எழுத்தாக வருகின்றன. பழைய பக்கத்தில் நன்றாகத்தான் தெரிகிறது.

அதே பதிலாளர்:
பழைய கோடில் செட்_சார்செட் (இணைப்பின் எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் அழைப்பு) இருக்காது, பாருங்கள். அது லத்தீன்1 (தமிழ் இல்லாத பழைய குறியீடு) ஆகப் பேசியிருக்கும், தமிழும் அப்படியே தவறாகச் சேமிப்பாகியிருக்கும். நீங்கள் புதியதில் யூடிஎஃப்8எம்பி4 (யூனிகோட் குறியீடு) போட்டிருப்பீர்கள். இப்போதைக்குப் புதியதிலும் லத்தீன்1 வையுங்கள், கொலேஷனையும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) சேர்த்து. அட்டவணையைத் திருத்துவது தனி வேலை. டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, வேறொரு மெஷினில் முயன்று பார்க்காமல் கடை டேட்டாவில் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். 'காடாத் துணி' என்று சரியாக வருகிறது.